கூப்பிடு தூரம்

நண்பர்கள் ஐவர் ஓரிரவு மலையில் தங்குவதென்று முடிவானதும், சுமந்து செல்ல வேண்டிய பொருட்களுக்கு ஒரு பட்டியல் தயாரானது. கூடாரம், தூக்கப்பை, தலைவிளக்கு, அவல், வெல்லம், முதலுதவிப் பெட்டி என்று நீண்ட அப்பட்டியலின் அடியில், எங்களில் ஒருவர் இன்னும் மூன்று பொருட்களைச் சேர்த்திருந்தார்: வானொலிக் கருவி ஒன்று, மின்கலம் ஒன்று, செப்புக் கம்பி 20 மீட்டர். சண்டை அங்கேதான் தொடங்கியது.

"ஊரில் கேட்கும் இரைச்சல் போதாதென்று மலைக்கும் அதைச் சுமக்க வேண்டுமா?" என்று கேட்டார் கவிதை எழுதும் நண்பர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாறை உச்சியில் ஒலிபெருக்கியை வைத்துத் திரைப்பாடல் போட்டு ஆடும் கூட்டங்களை நாங்கள் எல்லோருமே பார்த்துத் தலை குனிந்திருக்கிறோம். கைப்பேசிக் கோபுரத்தின் ஆட்சி முடியும் இடத்தில்தான் மலை தொடங்குகிறது என்பது அவருடைய கட்சி. அன்று எங்களால் அவருக்கு ஒழுங்கான மறுமொழி சொல்ல முடியவில்லை. கருவியின் எடை குறைவு, உங்கள் பையில் அது வராது என்று சமாதானம் மட்டுமே சொன்னோம். அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

ஹாம் ரேடியோ என்று பரவலாக அறியப்படும் அமெச்சூர் வானொலியைப் பற்றி இலக்கிய வாசகர்கள் சிலருக்கு அறிமுகம் இல்லாதிருக்கலாம். தேர்வெழுதி, அரசின் உரிமமும் தமக்கென்று ஓர் அழைப்புக்குறியும் பெற்ற தனிமனிதர்கள், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடொருவர் நேரடியாகத் தொடர்புகொள்வதே அது. இடையில் கோபுரம் இல்லை, நிறுவனம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. இந்திய நிலையங்களின் குறிகள் பெரும்பாலும் வி.யூ. என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன. விதிகள் கடுமையானவை. வணிகம் பேசக் கூடாது. பிறருக்குப் புரியாத ரகசியக் குறியாக்கம் கூடாது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. கடைசி விதியைச் சொன்னபோது கவிஞரின் முகம் சற்றே மலர்ந்ததை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

இக்கலைக்கும் மலைக்குமான உறவு பழையது. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக்கைக் கடந்து வரும் சமிக்ஞைக்காகக் காத்திருந்தது நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு குன்றின் மேல்தான். பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்ட கம்பியே அவருடைய ஆன்டெனா. மறுகரையில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தது மோர்ஸ் முறையில் எஸ் என்னும் ஒரேயோர் எழுத்து, அதாவது மூன்று புள்ளிகள். அதை அவர் மெய்யாகவே கேட்டாரா, காற்றின் இரைச்சலைத்தான் அப்படி எண்ணிக்கொண்டாரா என்ற ஐயம் இன்றும் ஆய்வாளர்களிடையே உண்டு. கேட்பது அவ்வளவு எளிய காரியம் அல்ல என்பதை அந்த ஐயமே சொல்லிவிடுகிறது.

2002 மார்ச்சில் பிரிட்டனில் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்றொரு திட்டம் தொடங்கியது. சிகரங்களுக்குக் கருவியோடு ஏறி, அங்கிருந்து பிறரோடு தொடர்புகொள்வதற்கான திட்டம். இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் விதிகளில் இரண்டு எங்களுக்கு மிகவும் பிடித்தவை. கருவிகள் அனைத்தையும் ஏறுபவர்களே சுமந்து செல்ல வேண்டும்; வாகனத்திலிருந்து பேசுவது கணக்கில் சேராது. சிகரத்துக்குரிய புள்ளிகளைப் பெறக் குறைந்தது நான்கு தொடர்புகளாவது கிடைத்தாக வேண்டும். உச்சியை அடைந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து அழைத்த குரலுக்குப் பதில் வந்திருக்க வேண்டும் என்கிற விதி இது. தன்னந்தனியாக வெல்ல முடியாத ஒரு மலையேற்றம்!

நாங்கள் சென்றது கொல்லிமலைக்கு. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையைத் தவிர்த்து, சாலை வருமுன் மலைமக்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்கிய நடைபாதைகளில் ஒன்றில், வனத்துறையின் அனுமதியுடனும் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடனும் ஏறினோம். தை மாதம். காலையில் தொடங்கிய ஏற்றம் பிற்பகலில் முடிந்தது. இரவு தங்கியது காட்டில் அல்ல. வழிகாட்டியின் உறவினரான பெரியவர் ஒருவரின் பட்டா நிலத்தில், மலை விளிம்பை ஒட்டிய சாமை அறுத்த கொல்லையில். கைப்பேசிகளில் ஒரு கோடுகூட இல்லை. அவற்றை அணைத்துப் பைக்குள் போட்டோம்.

உரிமம் பெற்ற நண்பர் வேலையைத் தொடங்கினார். ஒரு கயிற்றின் முனையில் கல்லைக் கட்டிப் பலாமரத்தின் உயர்ந்த கிளைக்கு மேலாக வீசினார். மூன்றாவது வீச்சில் கயிறு கிளையைத் தாண்டி விழுந்தது. கம்பியின் நடுப்பகுதியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார். இரு முனைகளும் கூரையின் சரிவுபோல இருபுறமும் இறங்கி நின்றன. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர்; அதில் பாதி இந்தக் கம்பி. கருவியின் திறனோ வெறும் 5 வாட். எங்கள் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் பலவும் அதைவிட அதிகம் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஆற்றலைக் கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரை அழைக்கப் போகிறோம் என்று அவர் சொன்னபோது, நம்பாமலே தலையாட்டினோம்.

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தைச் சுருக்கமாகத் தருகிறோம். பூமிக்கு மேலே சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன. பகலில் அவற்றில் தாழ்வாக உள்ள அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. சூரியன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துவிடும். அப்போது அலைகள் தடையின்றி இன்னும் உயரத்திலுள்ள அடுக்கைத் தொட்டு வளைந்து, தொலைதூர மண்ணில் இறங்கும். பகலில் மாநிலத்துக்குள்ளும் அண்டை மாநிலங்களுக்குள்ளும் சுற்றும் குரல், இரவில் கடல் கடக்கும். இருட்டியபின் ஊரடங்குகிறது என்று நாம் சொல்லும் நேரத்தில்தான் வானம் திறக்கிறது.

இருட்டியது. நண்பர் காதுக்கருவியை அணிந்துகொண்டார். பேசத் தொடங்குவார் என்று சூழ்ந்து அமர்ந்தோம். அவரோ பத்து நிமிடங்கள் ஒன்றும் செய்யவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். அழைக்குமுன் கேட்க வேண்டும் என்பதே இத்துறையின் முதல் பாடமாம். அந்த அலைவரிசையில் வேறு இருவர் மெல்லிய ஒலியில் பேசிக்கொண்டிருக்கலாம். குறுக்கே புகுவது அநாகரிகம். கேட்ட பிறகும், "இங்கே யாரும் இருக்கிறீர்களா?" என்று குறுங்குறியில் விசாரித்து, பதில் இல்லை என்று உறுதியான பின்னரே அழைப்பைத் தொடங்க வேண்டும். எங்கள் இலக்கியக் கூட்டங்களை நினைத்துக்கொண்டோம்.

பிறகு மோர்ஸ் விசையைத் தட்டத் தொடங்கினார். சி.கியூ., சி.கியூ. குறிப்பிட்ட எவரையும் அழைக்காமல், கேட்கும் எவரையும் அழைக்கும் அழைப்பு அது. கடைசியில் தன் அழைப்புக்குறி. பின்பு கேட்டல். மீண்டும் அழைப்பு, மீண்டும் கேட்டல். நாற்பது நிமிடங்கள் பதிலே இல்லை. குளிர் ஏறியது. கவிஞர் எதுவும் சொல்லாமலிருந்தது சொல்வதைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் பெரியவர் சுக்குக் காப்பியோடு வந்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல யாரைக் கூப்பிடறீங்க தம்பி?" என்றார். யாரை வேண்டுமானாலும் அய்யா, கேட்பவரை, என்றோம். "கூப்பிட்டா வருவாங்களா?" என்றார். வர மாட்டார்கள், பதில் சொல்வார்கள் என்றோம். அவருக்கு அது திருப்தியளிக்கவில்லை. சாலை வருமுன் நோயாளியைக் கம்பில் தூளி கட்டி இரவோடிரவாகக் கீழே சுமந்து சென்ற கதைகளைச் சொன்னார். தூளி தூக்க எட்டுப் பேராவது வேண்டும், நால்வர் தூக்க நால்வர் மாற்றிக்கொள்ள. வாசலில் நின்று குரல் கொடுத்தால் ஆள் சேர்ந்துவிடும். "கூப்பிடு தூரத்துல வீடு இருந்தாத்தான் மலையில பொழைக்க முடியும்" என்றார்.

அவர் கொல்லைக்கு மிக அருகில் ஒரு வீடு இருந்தது. அதுதான் கூப்பிடு தூரமா என்று கேட்டோம். தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். "அது பங்காளி வீடு. வரப்புத் தகராறு, ஏழு வருசமாப் பேச்சில்லை. நான் தொண்டை கிழியக் கத்துனாலும் ஏன்னு கேக்க மாட்டான்." பிறகு பள்ளத்துக்கு அப்பால் எதிர்ச்சரிவில் மினுங்கிய ஒரு விளக்கைக் காட்டினார். "அதோ தெரியுதே, அதுதான் கூப்பிடு தூரம்."

நாங்கள் பேச்சற்றுப் போனோம். கூப்பிடு தூரம் என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம், குரல் எட்டும் தொலைவு என்ற பொருளில். அந்தத் தூரத்தை அழைப்பவனின் தொண்டை தீர்மானிப்பதாக எண்ணியிருந்தோம். அழைப்பைக் கேட்பவனே அதைத் தீர்மானிக்கிறான் என்பது மலையில் வாழ்பவருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பது மணியை நெருங்கும் வேளையில் பதில் வந்தது. நண்பர் திடீரெனக் கையை உயர்த்தினார். காதுக்கருவியைக் கழற்றி ஒலியை வெளியே விட்டார். கடலலை போன்ற இரைச்சலுக்கு அடியில், தையல் ஊசி பட்டுத்துணியில் ஏறி இறங்குவதுபோல் ஒரு மெல்லிய கீச்சொலி. எங்கள் குறியைத்தான் அது திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. வங்காளத்திலிருந்து ஒருவர். அவர் எங்களுக்குக் கொடுத்த மதிப்பெண் 339. முதல் எண் தெளிவு, ஐந்துக்கு மூன்று: மிகவும் முயன்றால்தான் புரிகிறது. இரண்டாவது வலிமை, ஒன்பதுக்கு மூன்று: பலவீனம். மூன்றாவது தொனி, ஒன்பதுக்கு ஒன்பது: குற்றமில்லை. நண்பர் அனுப்பியதில் பாதியை இரண்டு, மூன்று முறை திருப்பிக் கேட்டார். எங்கள் ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாக வாங்கிச் சரிபார்த்தார். மொத்தமும் ஆறேழு நிமிடம். கடைசியில் இருவரும் 73 என்று விடைபெற்றுக்கொண்டார்கள். அன்பு வணக்கம் என்பதற்கு உலகெங்கும் இவர்கள் வழங்கும் எண் அது.

இத்துறையின் போட்டிகளில் எல்லோரும் எல்லோருக்கும் 599 என்றே கொடுப்பார்களாம், நேரம் மிச்சம் என்று. கேட்காத சொல்லைத் திரும்பச் சொல்லும்படி வேண்டிக்கொண்டே 599 கொடுப்பாராம் ஒருவர்! நம் நூல் வெளியீட்டு விழாக்களின் மதிப்புரைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முகமறியா அந்த வங்காளத்துக்காரர் போட்ட 339 எங்களுக்கு அதனாலேயே மதிப்பு மிக்கது. உங்கள் குரல் சரியாக விழவில்லை, ஆனாலும் நான் போகவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்று ஒரு வாசகன் எழுத்தாளனிடம் சொன்னால் அதைவிட வேறென்ன வேண்டும்? 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியதும் குறைந்த வாட்டில் செய்த ஒலிபரப்புத்தான். அது இன்றும் சிலர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இதை அழகியல் விவகாரமாக மட்டும் முடித்துவிட எங்களுக்கு மனமில்லை. பெரியவர் கேட்ட "கூப்பிட்டா வருவாங்களா?" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு வானொலிக் கருவி அவர்களைக் காத்திருக்கும் என்று சொல்லும் உரிமையோ அறிவோ எங்களுக்கு இல்லை. தீ அத்தனை விரைவாக வந்தது. ஆனால் அதன்பின் அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024இல் 40 பாதைகளில் வழிகாட்டிகளுடனும் இணையவழி முன்பதிவுடனும் மலையேற்றத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. வரவேற்க வேண்டியவை. இவற்றோடு ஒன்று சேர வேண்டும் என்பதே எங்கள் கருத்து: கோபுரத்தின் எல்லைக்கு அப்பால் இரவு தங்கும் ஒவ்வொரு குழுவிலும் அமெச்சூர் உரிமம் பெற்ற ஒருவராவது கருவியோடு இருப்பது வழக்கமாக வேண்டும்.

வேறு வழியில்லையா என்று கேட்கலாம். பிற நாடுகளில் மலையேறுபவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியையோ செய்திக் கருவியையோ பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் உரிய அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பதே குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வாக்கிடாக்கியை உரிமமின்றி வாங்கிச் சென்று அமெச்சூர் அலைவரிசைகளில் பேசுவதும் சட்டத்துக்குப் புறம்பானது. சாமானியர் முயன்றால் நேர்வழியில் அடையக்கூடியது ஹாம் உரிமம். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பள்ளி மாணவர்களே தேர்வெழுதி உரிமம் பெறுகிறார்கள்.

மறுநாள் காலையில் அதன் பயனையும் கண்டோம். கையடக்கக் கருவியில், 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், திருச்சிப் பக்கத்து நண்பர் ஒருவரோடு பக்கத்து அறையில் இருப்பவர்போலப் பேச முடிந்தது. இந்த அலைகள் வானில் வளைந்து திரும்புவதில்லை. ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தொலைவுவரையே செல்லும். ஆனால் சமவெளிக்கு மேல் 1000 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு, இடையில் வேறு மலை மறைக்காதவரை, அந்தத் தொலைவு 130 கிலோமீட்டர் அளவுக்கு விரியும். மலை நமக்கு இலவசமாகத் தரும் கோபுரம் அது.

அந்தத் தொடர்பு தற்செயலாக வாய்த்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புறப்படுமுன் எங்கள் நண்பர் சமவெளியிலுள்ள இருவரிடம் அலைவரிசையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்: மாலை ஆறுக்கும், காலை ஏழுக்கும், இடையில் மூன்று முறையும் ஐந்து நிமிடங்கள் காதைத் திறந்து வைத்திருங்கள் என்று. இருவரில் ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எழுப்பு மணி வைத்து எழுந்து கேட்டிருக்கிறார். நாங்கள் அப்போது அழைக்கவில்லை. ஒன்றும் கேட்காததை உறுதி செய்துகொண்டு மீண்டும் உறங்கப் போயிருக்கிறார். கருவியை வாங்கிவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எண்ணுபவர்களிடம் இந்த இரண்டு மணியைத்தான் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். மறுமுனையில் ஒருவர் தூக்கம் கலைந்து எழ வேண்டும். அவரை ஏற்பாடு செய்யாமல் ஏறுவது, பங்காளி வீட்டை நம்பிக் குடியிருப்பதற்குச் சமம்.

2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமான் தீவுகளுக்குச் சென்றிருந்தது. தொலைதூரத் தீவிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசி மகிழ்வதே பயணத்தின் நோக்கம். 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகளில், தீவுகளில் தவித்தவர்களின் செய்திகளை வெளியுலகுக்கும் உறவினருக்கும் அக்குழு கடத்தியது. அவர்கள் மீட்புப் பணிக்காகப் போனவர்கள் அல்லர். வெறுமனே பேசுவதிலும் கேட்பதிலும் பழகியிருந்த காது, தேவைப்பட்ட நாளில் தயாராக இருந்தது. விளையாட்டுக்காக மலைக்குக் கம்பி சுமப்பவர்களை வேடிக்கையாகப் பார்க்கும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கவிஞருக்கு எங்கள் மறுமொழி இதுதான். நீங்கள் வெறுத்த இரைச்சலை நாங்களும் வெறுக்கிறோம். ஆனால் அன்றிரவு எங்கள் ஐவரையும் நாற்பது நிமிடங்கள் மூச்சடக்கி அமரச் செய்தது அந்தக் கருவிதான். வேறெந்த மலை இரவிலும் நாம் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அவர் இதை ஒப்புக்கொண்டாரா என்று கேட்பவர்களுக்கு: வங்காளத்துக்காரரின் தொடர்பைக் குறிப்பேட்டில் எழுதியவர் அவரே. அடுத்த மாதம் தேர்வுக்கான புத்தகத்தை இரவல் கேட்டார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

புறப்படும் வேளையில் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். பங்காளி வீட்டுக் கூரைமேல் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. பெரியவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கவிஞர்தான் மெதுவாகக் கேட்டார்: "ஒருமுறை நீங்கள் கூப்பிட்டுப் பார்க்கக் கூடாதா அய்யா?"

"நான் எதுக்குத் தம்பி கூப்பிடணும்?" என்றார். சற்றுப் பொறுத்து, "அவன் ஒரு வார்த்தை கூப்பிடட்டும். கேக்காமலா போயிருவேன்?" என்றார்.